கால் சுற்றில் கழறும் பிடி

எமில்ராஜ் ஒன்றை வெல்டிங் அடித்தால் அடித்ததுதான். பிறகு அதைக் கழற்ற வேண்டுமென்றால் அவனே வந்து, அரமா இரும்பு வாளா என்று தேடி, அறுத்து, வியர்த்து, கடைசியில் "பாத்தியளே, என்ன பிடி பிடிச்சிருக்கு!" என்று பெருமையும் பட்டுக்கொள்வான். குருநகரில் இருபது வருடம் வள்ளங்களின் என்ஜின் திருத்தியவன். இப்போது கரையோரத்து நண்டுத் தொழிற்சாலையில் மெக்கானிக். அதே தொழிற்சாலையில் நண்டு கழுவும் லைனுக்குப் பொறுப்பு அவனுடைய மனைவி ஸ்ரெல்லா. வீட்டுக்கும் பொறுப்பு அவள்தான் என்பது வேறு விஷயம்.

கழுவும் லைன் என்றால் ஒரு நீளமான பெல்ற். அதன் ஓரமாகப் பதினாறு பெண்கள் வரிசையாக நின்று, ஓடிவரும் நண்டைப் பிரட்டிப் பிரட்டி வயிற்றுப் பக்கத்துச் சேற்றைத் தேய்த்து விடுவார்கள். பதினாறாவது ஆள் ஸ்ரெல்லா. தலைக்கு மேலே ஒரு எவர்சில்வர் பைப்; அதில் ஆளுக்கொன்றாகப் பதினாறு நொசில்கள், விசிறி போலத் தண்ணீர் அடிக்கும். முதற் கழுவலுக்கு ஒரே தண்ணீரைத்தான் வடித்து வடித்து மேலே ஏற்றுவார்கள். வடியில் தப்பும் நண்டு ஓட்டுத் துணுக்கு ஒன்று போதும், நொசில் அடைத்துவிடும்.

அடைத்தால் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எமில்ராஜ் பூட்டிய நொசிலையா? அவன் பைப்பில் இரும்புப் பூட்டுப் போலப் பிடிகளை ஒட்டி, நொசிலை அதற்குள் முறுக்கி, முறுக்கிய இடத்தில் வள்ளத்து என்ஜினுக்குப் பூசும் பசையையும் பூசி வைத்திருந்தான். உப்பும் ஏறியது. ஒன்றைக் கழற்ற இருபது நிமிடம், இரண்டு ஸ்பானர், ஒரு சுத்தியல், அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி.

போன கிழமை அறுநூறு கிலோ நண்டு கழுவ ஐந்து மணித்தியாலம் எடுத்தது. மனேஜர் ஜெயதீபன் ஸ்ரெல்லாவைக் கூப்பிட்டான். அவன் கோபப்பட்டுப் பேசத் தெரியாத பிள்ளை. அதனால் ஸ்ரெல்லா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, சனிக்கிழமை நண்டு வாங்கிற கொம்பனியிலை இருந்து ஒரு ஆள் வந்து பாக்கப் போறா. அறுநூறு கிலோ, மூண்டு மணித்தியாலம், பெல்ற் ஒருக்காலும் நிக்கக்கூடாது. நிண்டால், கழுவுற வேலையை மன்னாருக்குக் கொண்டு போகினமாம். இஞ்சை ஐஸ் போட்டு லொறியிலை ஏத்துறது மட்டும்தான் மிஞ்சும். அதுக்கு நாலு பேர் காணும்."

பதினாறில் நாலு போனால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு முகங்களும் ஸ்ரெல்லாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சிசிலியா அக்காவின் முகம் முதலில். அவளுடைய புருஷன் இடுப்பு உடைந்து படுக்கையில் கிடந்து மூன்று வருடம். இந்த வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. 

புதன்கிழமை கொழும்பு பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. பிடிகள் விற்கிற கடையிலிருந்து ஜெயதீபன் இரண்டு வகை எடுப்பித்திருந்தான். தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும்தான் ஒண்டைத் தெரிஞ்செடுக்க வேணும்," என்று சொல்லிப் பத்திரமாகத் தூரப் போய் நின்றுகொண்டான். அந்தப் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நிற்க அவனுக்கென்ன விசரா?

முதலாவது, உருண்டைப் பிடி. பைப்பில் ஏற்கனவே ஒட்டியிருப்பதிலேயே முறுக்கலாம். நொசில் ஒரு குண்டுக்குள் இருக்கும். கையால் எந்தப் பக்கமும் திருப்பலாம். இரண்டாவது, கவ்வுப் பிடி. இரண்டு பாதியாக வந்து பைப்பைக் கட்டிப் பிடிக்கும். பைப்பில் ஒரு ஓட்டை போட்டால் சரி, வெல்டிங்கே வேண்டாம். நொசில் இருக்கும் நீலத் தொப்பியைக் கையால் கால் சுற்றுத் திருப்பினால் கழறும். கால் சுற்றுத் திருப்பினால் பூட்டும்.

எமில்ராஜ் கவ்வுப் பிடியைக் கையில் எடுத்தான். திருப்பினான். தொப்பி 'டக்' என்று கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. செத்த எலியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

"உதென்ன, குழந்தைப்பிள்ளையின்ரை சூப்பியே? கால் சுத்திலை கழறுமெண்டால் கால் சுத்திலை விழுமெல்லே?"

"ஏன் விழும்? அது பூட்டினால் நிக்கும்."

"ஸ்ரெல்லா, நான் கடலிலை கண்டனான். கழறக்கூடியது எல்லாம் ஒருநாள் கழறும். நெடுந்தீவுக்கு அங்காலை அண்டைக்கு எண்ணெய்க் குழாயின்ரை கிளிப் கழண்டு..."

"மிதந்தனீங்கள். தெரியும்."

கல்யாணம் கட்டிய புதிதில் அந்தக் கதையில் அவன் மூன்று மணித்தியாலம் மிதந்தான். இப்போது ஒன்றரை நாளாகி, ஒரு சுறாவும் வந்து சேர்ந்திருந்தது.

வெல்டிங் பைப்பை மாற்றத் தேவையில்லை என்பதால் உருண்டைப் பிடியையே முதலில் போட்டுப் பார்ப்பதென்று முடிவானது. எமில்ராஜ் இரவோடிரவாக அல்ல, பகலோடு பகலாகவே நெருப்புக் காட்டித் தன் பழைய நொசில்களைக் கழற்றி, பதினாறு உருண்டைகளையும் பூட்டினான். வியாழக்கிழமை காலை பரீட்சை. தண்ணீர் பதினாறு விசிறியாக விரிந்து விழ, "அடி சக்கை!" என்றான் ஜெயதீபன். ஸ்ரெல்லாவுக்கும் மனம் குளிர்ந்தது.

குளிர்ந்தது மனம் மட்டுமல்ல. பத்து நிமிடம் போகவில்லை, அவளுடைய தோளில் தண்ணீர் தெறித்தது. பிறகு கழுத்தில். பிறகு நேரே முகத்தில் சாத்தியது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பெல்ற்றில் வருகிற நண்டெல்லாம் காய்ந்த சேற்றோடு, காலை நீட்டிக்கொண்டு சொகுசாக வருகிறது.

"தண்ணியை நிப்பாட்டுங்கோ!"

நடந்தது இதுதான். முதலாவது ஆள் சிசிலியா அக்கா கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியில் திவலை அடிக்க, தன் நொசிலை வலது பக்கமாக ஒரு சொட்டுத் திருப்பிவிட்டாள். அது இரண்டாவது ஆள் ஜெயனியை நனைத்தது. அவள் தன்னுடையதை வலது பக்கம் திருப்பினாள். அது மூன்றாவது ஆளை நனைத்தது. இப்படியே பதினைந்து பேரும் தங்கள் தங்கள் தண்ணீரை அடுத்தவளுக்குத் தள்ளிவிட, தள்ளிவிட ஆளில்லாத கடைசி ஆளாகிய ஸ்ரெல்லா, கீரிமலைக் கேணியில் முழுகி எழும்பியவள் போல் நின்றாள். பெல்ற்றுக்குத்தான் தண்ணீரில்லை.

"ஆர் திருப்பினது?" என்றாள், மூக்கிலிருந்து நீர் வடிய.

எல்லாரும் குனிந்து நண்டைத் தேய்த்தார்கள்.

"நான் தொடவேயில்லை பிள்ளை," என்றாள் சிசிலியா அக்கா, துடைத்த கண்ணாடியோடு. "அது தானாத்தான் திரும்பினது."

"பதினைஞ்சும் தானாத் திரும்பினதோ?"

"தண்ணியின்ரை வேகம் அப்பிடி."

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்தது. பிறகு லைன் முழுக்கச் சிரித்தது. ஸ்ரெல்லா கோபப்பட்டுப் பார்த்தாள். முடியவில்லை, தலைமுடியைப் பிழிந்துகொண்டு அவளும் சிரித்தாள். வாசலில் நின்ற எமில்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நான் சொன்னனான்தானே. வெல்டிங் எண்டால் ஆர் திருப்புவினம்?"

"வெல்டிங் எண்டால் ஆர் கழற்றுவினம்?" என்றாள் ஸ்ரெல்லா. "இஞ்சாருங்கோ, எனக்கு நொசில் பக்கத்துக்குத் திரும்பவும் கூடாது, கழறாமலும் இருக்கக்கூடாது. நேரே பெல்ற்றைப் பாத்து நிக்க வேணும், அடைச்சால் ஒரு கையாலை கழற்ற வேணும். கவ்வுப் பிடிதான். நான் தெரிஞ்செடுத்திட்டன்."

"உன்ரை இஷ்டம்," என்றான் அவன். எமில்ராஜின் அகராதியில் அதற்கு 'நாசமாய்ப் போ' என்று பொருள்.

ஆனால் வேலையில் குறை வைக்க மாட்டான் மனிதன். வெள்ளிக்கிழமை முழுவதும் புதுப் பைப் எடுத்து, சுண்ணக்கட்டியால் கோடு கீறி, ஒரே நேரில் பதினாறு ஓட்டை துளைத்து, ஓட்டையின் பிசிறைக்கூட அரம் போட்டு வழித்து, கவ்வுகளைப் பூட்டினான். ஸ்ரெல்லா ஒவ்வொரு தொப்பியையும் கழற்றிப் பூட்டிப் பார்த்தாள். டக், டக். கையுறை போட்ட கையாலும் சுலபமாக வந்தது. ஏப்ரன் பையில் ஐந்து சுத்தமான தொப்பிகளை வைத்துக்கொண்டு, அடைத்ததை எடுத்துவிட்டு நல்லதைப் பூட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஜெயதீபனை எண்ணச் சொன்னாள். ஆறு செக்கன்.

"ஆறே! அக்கா, நாங்கள் தப்பினம்!"

எமில்ராஜ் பைப்பின் கீழே நின்று, பதினாறு நீலத் தொப்பிகளையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அவ்வளவும் அவன் தலைக்கு மேலே, ஒரு சொட்டு வெல்டிங்கும் இல்லாமல்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெயகௌரி வந்து இறங்கினாள். வாங்குகிற கொம்பனியின் தரம் பார்க்கிற உத்தியோகத்தர். கொழும்பில் வேலை, பிறந்தது நெல்லியடி. வெள்ளைக் கோட்டும் வலைத் தொப்பியும் போட்டு, போனில் நேரத்தை ஓடவிட்டு, "தொடங்குங்கோ," என்றாள். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை.

பெல்ற் ஓடியது. தண்ணீர் பதினாறு விசிறியும் நேரே நண்டின் மேல் விழுந்தது. பெண்கள் தலை நிமிரவில்லை. சிசிலியா அக்கா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கை பழக்கத்தில் ஓடியது. முதல் ஒரு மணித்தியாலத்தில் இருநூற்றுப் பதினைந்து கிலோ. ஸ்ரெல்லா மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

ஏழாவது நொசில் மெலிந்தது. விசிறி சுருங்கி ஈர்க்கு மாதிரியானது. பிறகு நின்றே போனது.

ஸ்ரெல்லா பதறவில்லை. இதற்குத்தானே பழகியது? பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தாள், ஏழாவது இடத்துக்கு நடந்தாள், கையை உயர்த்தினாள், கால் சுற்றுத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

இன்னும் பலமாகத் திருப்பினாள். அசையவில்லை. அண்ணாந்து உற்றுப் பார்த்தாள். தொப்பிக்கும் கவ்வுக்கும் சேர்த்து, பைப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, வலை நூல். நீலத் தொப்பிக்கு நீல நூல். கீழே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. எட்டாவதைப் பார்த்தாள். நூல். ஆறாவது. நூல். காலையில் அவள் பெண்களுக்கு வலைத் தொப்பியும் கையுறையும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கழறக்கூடியதெல்லாம் ஒருநாள் கழறும் என்கிற மகராசன் ஏணி போட்டு ஏறிப் பதினாறையும் கட்டிவிட்டான்.

படுபாவி!  சேற்று நண்டு ஏழாவது இடத்தைத் தாண்டிப் போகத் தொடங்கியது. பெல்ற்றை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. நிறுத்தாவிட்டாலும் முடிந்ததுதான். கையுறையோடு வலை முடிச்சு அவிழ்க்கவும் முடியாது, பல்லால் கடிக்கவும் முடியாது. பின்னால் வெள்ளைக் கோட்டு நிற்கிறது.

வாசலைப் பார்த்தாள். எமில்ராஜ் அங்கே நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சுத்தச் சப்பாத்து இல்லாமல் அவன் உள்ளே வரக்கூடாது. வாயால் ஏதோ சொன்னான். மோட்டர் இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு கையை உயர்த்தி, காற்றில் எதையோ பிடித்து, கீழ்ப்பக்கமாக ஒரு இழுவை இழுத்துக் காட்டினான். திரும்பவும் காட்டினான்.

ஸ்ரெல்லாவின் விரல்கள் நூலைத் தடவின. முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால் தொங்கியது. பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான். கட்டு முழுவதும் சுருளாகக் கழன்று அவள் கைக்குள் வந்து விழுந்தது. நூலைப் பைக்குள் திணித்தாள், தொப்பியைத் திருப்பினாள், புதியதைப் பூட்டினாள். டக். தண்ணீர் விரிந்தது.

"தாண்டினதுகளை நான் பாக்கிறன் பிள்ளை," என்று எட்டாவது ஆள் கையை வேகமாக்கினாள். கடைசி ஆளின் இடத்துக்கு வருவதற்குள் அத்தனையும் வெளுத்திருந்தது.

பின்னால் ஜெயகௌரி எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியாமலே ஸ்ரெல்லா மிச்ச நேரம் முழுவதும் செத்துப் பிழைத்தாள். பதினோராவது அடைத்தது: இழு, திருப்பு, டக். மூன்றாவது அடைத்தது: இழு, திருப்பு, டக். கடைசிக் கூடை கவிழ்ந்து கடைசி நண்டு பெல்ற்றின் முனையில் விழுந்தபோது இரண்டு மணித்தியாலம் நாற்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. பெல்ற் ஒருமுறைகூட நிற்கவில்லை.

மோட்டரை நிறுத்தினார்கள். எல்லாரும் வெள்ளைக் கோட்டையே பார்த்தார்கள்.

"அந்த நூலைக் காட்டுங்கோ," என்றாள் ஜெயகௌரி.

ஸ்ரெல்லா பையிலிருந்து மூன்று நூலையும் எடுத்து நீட்டினாள். பொய் சொல்ல ஒன்றுமில்லை. "என்ரை மனுசன் கட்டினது மிஸ். கழண்டு விழுந்திடும் எண்டு பயத்திலை. எனக்கும் தெரியாது. பிழைதான். எங்களை ஏசுங்கோ, லைனை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ. இஞ்சை நிக்கிற ஒரு ஆளும் ஒரு பிழையும் விடேல்லை." 

எமில்ராஜ் சப்பாத்து மாற்றி, வலைத் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்து, வாத்தியார் கூப்பிட்ட பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி நின்றான். ஜெயகௌரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்பாட்டுச் சாமான் போற இடத்திலை நூல் தொங்கலாமோ?"

"கூடாது மிஸ்."

"பிறகு?"

"நான் கடல் ஆள் மிஸ். கட்டாமல் விட்டால் நித்திரை வராது."

"கட்டினனீங்கள் சரி. ஏன் ஒரு இழுவையிலை அவிழுற மாதிரிக் கட்டினனீங்கள்?"

எமில்ராஜ் நிலத்தைப் பார்த்தான். "அது... வள்ளம் கட்டுற கட்டு மிஸ். அவசரத்துக்கு இழுத்தால் வரும். எப்பிடியும் இவ கழற்றத்தான் போறா எண்டு எனக்குத் தெரியும். இவ சொன்னது சரியாத்தான் இருக்கும். எண்டாலும் எனக்கு மனம் கேக்கேல்லை."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து 'இவ சொன்னது சரி' என்று வந்ததை ஸ்ரெல்லா முதன்முதலாகக் கேட்டாள். அதுவும் பதினைந்து சாட்சிகளுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுக்கும் முன்னால்.

ஜெயகௌரி ஒன்றாவது நொசிலுக்குக் கீழே போனாள். அண்ணாந்து, வாலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். நூல் சுருண்டு வந்தது. காலை முழுவதும் சிரிக்காத மனுஷி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"எல்லாத்தையும் இப்பவே, என்ரை கண்ணுக்கு முன்னாலை அவிழுங்கோ. பதினாறும் எண்ணி என்ரை கையிலை தர வேணும். இனி ஒரு நூலைக் கண்டன் எண்டால் பாருங்கோ." பிறகு ஜெயதீபனிடம் திரும்பி, "லைன் இஞ்சையே இருக்கட்டும்," என்றாள், கடையில் உப்புக் கேட்கிறவள் மாதிரி.

சிசிலியா அக்கா "மாதாவே!" என்று கத்தியதில் கூரைத் தகரமே அதிர்ந்தது. ஒருத்தி மற்றவளைக் கட்டிப்பிடித்து ஈர ஏப்ரன்கள் சப்சப்பென்று ஒட்டின. ஜெயதீபன் யாருடைய கையைக் குலுக்குவது என்று தெரியாமல் தன் கையையே குலுக்கிக்கொண்டு நின்றான்.

எமில்ராஜ் வரிசையாக அவிழ்த்துக்கொண்டு போனான். இரண்டாவது, நாலாவது, ஐந்தாவது. ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு நூல். சந்தோஷத்தில் பெண்கள் எண்ணிக்கை சொன்னார்கள். பதினான்கு. பதினைந்து. பதினாறாவதின் கீழே போய் நின்றான். இழுக்கவில்லை. சட்டைப் பையைத் தடவினான்.

"என்ன, இழுங்கோவன்," என்றாள் ஸ்ரெல்லா.

"அது இழுத்தால் வராது. கத்தரிக்கோல் வேணும்."

"ஏன்?"

"அதை இறுக்கிக் கட்டிப்போட்டன்."

ஸ்ரெல்லா அண்ணாந்து பார்த்தாள். அந்த ஒன்று மட்டும் நாலு சுற்று. முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் இன்னுமொரு முடிச்சு. கப்பலே கட்டலாம்.

"பதினைஞ்சை இழுத்தால் அவிழக் கட்டிப்போட்டு, இதை மட்டும் என்னத்துக்கு உப்பிடி? இது அடைச்சிருந்தால் நான் என்ன செய்திருப்பன்? லைனே போயிருக்குமெல்லே!"

எமில்ராஜ் காதைச் சொறிந்தான். 

"அதுக்குக் கீழைதானே நீ நிக்கிறனி," என்றான். "விழுந்தால் உன்ரை தலையிலை."

ஒரு தொப்பி நாற்பது கிராம்கூட வராது. வெறும் பிளாஸ்ரிக். ஸ்ரெல்லா அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.  சிரிப்பும் கூவலும் கண்ணாடி இல்லாத சிசிலியா அக்காவின் "எங்கடை தலையெல்லாம் தலையில்லையோ தம்பி?" என்ற கேள்வியும் சுற்றிவர எழும்பியபோது, அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக் கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தாள். இந்த முறை நொசில் தண்ணீர் என்று சொல்லவும் வழியில்லை. மோட்டரை நிறுத்திப் பத்து நிமிடமாகிவிட்டது.

"கத்தரிக்கோலை என்னட்டைத் தாங்கோ," என்றாள். "நீங்கள் வெட்டினால் பைப்பையும் சேர்த்து வெட்டுவியள்."